மருந்தடிக்காத எட்டுச் சால்

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதம், எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் சத்துணவு வகுப்பு எடுத்தேன். நான் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள். மதுரைக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு வரச்சொல்லி, திரும்பும்போது சுருட்டிய படம் ஒன்றைக் கையில் கொடுத்து விட்டிருந்தார்கள். படத்தில் கேரட், ஆப்பிள், பால் டம்ளர், முட்டை, நடுவில் சிரிக்கிற ஒரு குடும்பம். ஆணியில் மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டுப் புரதம், இரும்பு, சுண்ணாம்பு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரே இருந்தவர்கள் காலையிலிருந்து களை எடுத்துவிட்டு வந்த பெண்கள். முன்னால் உட்கார்ந்திருந்த மதினி ஒருத்தி சுவரில் சாய்ந்து குறட்டையே விட்டுவிட்டாள். எல்லாம் முடிந்ததும் மேலத்தெரு அப்பத்தா மட்டும் ஒரு கேள்வி கேட்டது.

"ஏத்தா, இந்தப் படத்துல இருக்குறதுல ஒன்னாச்சும் நம்ம காட்டுல வெளையுமா?"

எனக்கு வாய் அடைத்துப்போனது.

எங்கள் ஊர் டி.கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் நடுவில் இருக்கிறது. கரிசல் மண், மானாவாரி. வைகைத் தண்ணீரும் பெரியாறு கால்வாயும் எங்களுக்குப் பேப்பரில் படிக்கிற சமாச்சாரம். புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, தையில் அறுக்க வேண்டும். நான் வாக்கப்பட்டு வந்த புதிதில் குதிரைவாலி, ஊடுபயிராகத் தட்டாம்பயறு, ஓரத்தில் நாலு சால், அதாவது நாலு உழவு வரிசை, துவரை என்று காடு கலந்து கிடக்கும். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளம். கோழித்தீவனத்துக்குப் போகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. குதிரைவாலி மூட்டைக்குப் பேரம் பேசியே நாலு நாள் ஓடிவிடும். மக்காச்சோளத்துக்கு வியாபாரி களத்துக்கே வந்து காசை எண்ணி வைக்கிறார். பிள்ளைகள் பீஸ் கட்டியது அந்தக் காசில்தான்.

வகுப்பு எடுத்த அதே மாதம் ஊரில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. என் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் குறையக்கூடாது. குச்சி வைத்து இரும்புச்சத்து பற்றிப் பேசியவளுக்கே 8.4! 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக இருப்பதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயது 41.

விஷயம் தெரிந்ததும் அப்பத்தா சொன்னது: "படத்தைச் சுருட்டி வையி. நாளைக்கு என்கூடக் களைக்கு வா."

அப்பத்தாவுக்கு இருப்பது அரை ஏக்கர். அதில் இன்னும் குதிரைவாலிதான். களைக்கொத்தியோடு குனிந்தால் பிடுங்குவதை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பங்கு வரப்புக்கு, ஒரு பங்கு மடிக்கு. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மூக்கிரட்டை, வேலியில் படர்ந்த முடக்கத்தான் எல்லாம் மடிக்கு. பண்ணைக்கீரையைப் பூ எடுக்கும் முன்னால் பறித்துவிட வேண்டும், பிறகு நார் தட்டும். சாரணையைப் பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்கவே கூடாது. தனிக்கீரையாக எதையும் கடையாதே, நாலைந்தைக் கலந்து கடை. பேசிக்கொண்டே அப்பத்தா முன்னால் போக, நான் பின்னால் நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். மத்தியானத்துக்குள் பதினான்கு கீரையின் பேர் எழுதியாகிவிட்டது. மடி நிறைந்திருந்தது. களையெடுத்த கூலியோடு இரண்டு வேளைக் குழம்பும் வீட்டுக்கு வந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

வரப்பு தாண்டினால் எங்கள் காடு. அங்கே ஒரு கீரையும் இல்லை. காரணம் அட்ரசின். மக்காச்சோளம் விதைத்த மூன்று நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது அடிக்கிற களை மருந்து. மக்காச்சோளத்துக்கு அந்த மருந்தைத் தனக்குள்ளேயே சிதைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் உண்டு, அதனால் தப்பித்துவிடும். அகல இலைச் செடிகளுக்கு அது கிடையாது. தொய்யக்கீரை அகல இலை. தட்டாம்பயறும் அகல இலை. ஒரே டேங்கில் கீரையும் பருப்பும் சேர்ந்து போய்விடுகின்றன. எங்கள் ஊர்ப் பெண்களில் யாருக்குக் கீரை தெரியாது? அப்பத்தாவுக்கும் தெரியும், அதன் மருமகளுக்கும் தெரியும். முளைத்தால்தானே பறிக்க!

டி.கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தில் அங்கேதான் தங்கியிருந்தார். 1960-இல் அவர் காலமானதும் ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதி. ஒரு வட்டாரத்தில் எத்தனை பேர், அவர்களுக்கு எவ்வளவு தானியம், பருப்பு, எண்ணெய், காய்கறி தேவை என்று முதலில் கணக்குப் போட்டு, அதன்படி நிலத்தைப் பிரித்துப் பயிர் செய்ய வேண்டும் என்று எழுதியவர். பஸ்ஸில் அந்த ஆசிரமத்தை எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றியது அந்த மார்கழியில்தான். ஐந்து பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி, 50 கிராம் பருப்பு என்று வைத்தாலும் வருடத்துக்கு 91 கிலோ. ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு வீதம் 12 கிலோ. மிச்சம் 79 கிலோ. எங்கள் மூன்று ஏக்கரில் அந்த வருடம் விளைந்த பயறு சுழி. கடையில் 79 கிலோ வாங்கினோமா என்றால், அதுவும் இல்லை. வைத்ததெல்லாம் ரசமும் புளிக்குழம்பும்.

அடுத்த புரட்டாசியில் வீட்டுக்காரரிடம் எட்டுச் சால் கேட்டேன். மேட்டுப்பக்கமாக, மழைத் தண்ணீரோடு மருந்து இறங்கி வராத இடம். மருந்து அடிக்கக் கூடாது, மக்காச்சோளமும் கூடாது.

"எட்டுச் சாலுக்குக் களைக்கூலி யாரு குடுப்பா?"

"களையே எடுக்கப் போறதில்ல. கீரை பறிக்கப் போறோம்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே தட்டாம்பயறு விதை வாங்கி வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த எட்டுச் சால்தான் வகுப்பறை. ஒன்பது பேர் வருவார்கள், சில வாரம் பன்னிரண்டு. பாடம் நடத்துவது அப்பத்தா. இடையில் நான் பயிற்சியில் கேட்டதைச் செருகுவேன். கீரையில் இருக்கிற இரும்பை உடம்பு லேசில் வாங்காது. வைட்டமின் சி கூடவே போனால் கொஞ்சம் கூடுதலாக வாங்கும். கடைந்த கீரையில் அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் பாதி வீண் என்றேன். சரி என்றார்கள். டீ விஷயத்தில்தான் சண்டை. எங்கள் பக்கம் பத்து மணிக்குக் கஞ்சியோ சோறோ சாப்பிட்ட கையோடு தூக்குவாளியில் டீ வந்துவிடும். டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்றதும், "டீ இல்லாம முதுகு நிமிருமா? வேணும்னா நீ வந்து குனிஞ்சு பாரு" என்று மதினி பிடித்துக்கொண்டாள். கடைசியில் சாப்பாட்டை முன்னால் நகர்த்தினோம், டீயை அல்ல. ஒன்பதுக்குச் சாப்பாடு, பத்துக்கு டீ. கூலிக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. என் ஹீமோகுளோபின் ஐந்து மாதத்தில் 11.3-க்கு வந்தது. கீரை தின்றே ஏற்றினேன் என்று ஊரில் கதை கட்டிவிட்டார்கள், பொய். நர்ஸ் அக்கா கொடுத்த இரும்பு மாத்திரையை வயிறு புரட்டப் புரட்டத் தின்றேன். 100 கிராம் முருங்கைக்கீரையில் இருப்பது ஏறத்தாழ 4.5 மில்லிகிராம் இரும்பு. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29. கீரையை மட்டும் வைத்து அந்தப் பள்ளத்தைத் தூர்க்க முடியாது. ஏறியது இறங்காமல் இருக்க மூன்று வேளைத் தட்டும் மாற வேண்டும்: பயறு, முட்டை, வாரம் ஒரு நாளாவது குதிரைவாலிச் சோறு.

குதிரைவாலிக்கு இன்னொரு தொல்லை. உமி நீக்க உரலில் குத்த யாருக்கும் தெம்பில்லை, பக்கத்தில் மில்லும் இல்லை. மூட்டையாக இங்கே விற்றுவிட்டு, அதையே மதுரையில் பாக்கெட்டாக வாங்கி வந்த கூத்தும் எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. குழுவில் சேர்ந்து சின்ன மிஷின் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கடன் கணக்கு எழுதப்போகிறவள் நான் என்பதால் எனக்குத்தான் பயம்.

அந்த ஆப்பிள் படத்தைப் போன தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது கண்டெடுத்தேன். பின்பக்கம் பளிச்சென்று இருந்தது. பதினான்கு கீரையையும் காயவைத்து ஒட்டி, பக்கத்தில் எந்த மாதம் முளைக்கும், எது யாருக்கு ஆகாது என்று எழுதியிருக்கிறேன். இரண்டைத் தவறாக ஒட்டியிருந்தேன். எழுத்துத் தெரியாத அப்பத்தாதான் இலையைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தது.

இந்தப் புரட்டாசிக்குப் பன்னிரண்டு சால் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் பத்தில் நிற்கிறார். நாளைக்குக் காலை டீயின்போது முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ கொடுப்பேன்.