பணம் கரையும் வீடியோ ஸ்டார்ட்அப்பில் முதல் வேலை

வீடியோ ஸ்டார்ட்அப்பில் சேரும் புதியவருக்கு என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) எழுதும் வேலை கிடைப்பது அபூர்வம். வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பில் உதட்டசைவும் குரலும் ஒட்டவில்லை, சரிசெய் என்றுதான் தொடங்கும். நாங்கள் வேலை பார்த்த இடங்களிலும் அப்படித்தான். அதைச் சில்லறை வேலை என்று ஒதுக்காதீர்கள். நிறுவனம் மூடிய பிறகும் சோறு போடுவது டைம்ஸ்டாம்ப் (படமும் ஒலியும் எப்போது ஓட வேண்டும் என்ற நேரக்குறி) பற்றிய அறிவுதான்.

பிளேயரில் ஓட்டிப் பார்த்து ஊகிக்க வேண்டாம், அது பல பிழைகளைத் தானே மறைத்துவிடும். கோப்பை ஆராயும் கருவியான எஃப்எஃப்புரோப் கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டின் (சுருக்கிய தரவுத் துண்டின்) பிடிஎஸ் (காட்டும் நேரம்), டிடிஎஸ் (சுருக்கத்தை விரிக்கும் நேரம்) எண்களை எடுத்து வரிசையாகப் பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை விலகல் ஒரே அளவாக இருந்தால், ஆடியோவும் வீடியோவும் தொடங்கும் இடத்தில் கோளாறு. போகப் போகக் கூடினால் பெரும்பாலும் ஃபிரேம் ரேட்தான் (விநாடிக்கு எத்தனை படம் என்பது). 29.97 என்று நாம் சொல்வது உண்மையில் 30000/1001. கோடில் அதை 30 என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி தவறும். கைபேசியில் எடுத்த வீடியோவில் ஃபிரேம் இடைவெளி பெரும்பாலும் சீராக இருக்காது. ஃபிரேம்களை எண்ணி நேரம் கணக்கிடும் கோட் அங்கே உடைந்துவிடும்.

நேரலையில் இன்னொரு குழி உண்டு. ஒளிபரப்புக்குப் பயன்படும் எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் வடிவத்தில் பிடிஎஸ் 33 பிட் எண். விநாடிக்கு 90,000 என்று ஏறுகிறது. ஏறத்தாழ 26.5 மணி நேரத்தில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒரு நாள் முழுக்கச் சோதித்தாலும் இது கண்ணில் படாமல் போகலாம். தொடக்க எண்ணை உச்சத்துக்குச் சற்று முன்னால் வைத்து ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிடிபடும்.

இணைய வேகத்துக்கு ஏற்பத் தரம் மாறும்போது படம் வெட்டி வெட்டி ஓடினால் கீஃபிரேம்களை (மற்ற ஃபிரேம்களைச் சாராமல் முழுப் படமாக இருப்பவற்றை) பாருங்கள். 1080, 720, 480 என எல்லா அடுக்கிலும் அவை ஒரே நொடியில் விழ வேண்டும். எச்.264 முறையில் சுருக்கும் என்கோடரான எக்ஸ்264, காட்சி மாறும் இடத்தில் தானாகவே கீஃபிரேம் வைக்கும். அதை அணைத்துவிட்டு இடைவெளியை 2 விநாடி என்று பூட்டுங்கள். வீடியோவைத் துண்டு துண்டாக அனுப்பும் எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டு 6 விநாடியாக இருந்து, பிளேயர் மூன்று துண்டு சேர்த்துக்கொண்டு தொடங்கினால் 18 விநாடித் தாமதம் அங்கேயே வந்துவிடுகிறது. "லேட்டன்சி ஏன் இவ்வளவு?" என்ற கேள்விக்குப் பாதி விடை இதுவே.

இவ்வளவு சரியாகச் செய்தும் நிறுவனம் ஏன் தள்ளாடுகிறது? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 5 மெகாபிட் ஸ்ட்ரீமை ஒருவர் ஒரு மணி நேரம் பார்த்தால் 2.25 ஜிபி. பத்தாயிரம் பேர் பார்த்தால் 22.5 டிபி. பத்துப் பேர் பார்க்கும் டெமோவில் இவ்வளவு தரவை அனுப்பும் செலவு தெரியவே தெரியாது. மென்பொருள் விற்கிறோம் என்று நிறுவனர்கள் நினைத்திருப்பார்கள். பில் வருவதோ பார்வையாளர் கூடக் கூட ஏறும் சரக்குக் கட்டணமாக.

அப்படியானால் சிறந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) போட்டால் போதாதா என்று தோன்றும். எச்ஈவிசி போன்ற புதிய கோடெக்குகள் ஏறத்தாழ பாதி பிட்ரேட்டில் (விநாடிக்கான தரவு அளவில்) பழைய எச்.264 தரத்தைத் தர முடியும். ஆனால் என்கோடிங் நேரம் பல மடங்கு ஏறும். லட்சம் பேர் பார்க்கும் வீடியோவுக்கு அது லாபம், இருபது பேர் பார்க்கும் வீடியோவுக்கு நட்டம். வாடிக்கையாளரின் வீடியோ சராசரியாக எத்தனை முறை பார்க்கப்படுகிறது என்று கேட்காமல் கோடெக் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சொந்தக் கோடெக்கை நம்பி ஓடும் நிறுவனங்களின் சிக்கல் இதைவிடக் கடினம். கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான், மைக்ரோசாஃப்ட் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய ஏவி1 கோடெக் 2018-இல் வெளியானது. அதை விரித்துக் காட்டும் வன்பொருள் டிகோடர் ஐபோனுக்கு வந்தது 2023-இல், 15 புரோ மாடல்களில். இவ்வளவு பெரியவர்களுக்கே ஐந்தாண்டு. பதினெட்டு மாதப் பணம் கையில் இருக்கும் நிறுவனத்தால் அதுவரை தாங்க முடியாது. தொழில்நுட்பம் உண்மையிலேயே நன்றாக இருந்தும் மூடப்பட்டது என்றால், பல இடங்களில் காரணம் இதுதான்.

உரிமத்தையும் கவனியுங்கள். எக்ஸ்264 ஜிபிஎல் உரிமத்தில் (மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் மூலக் கோடையும் கொடுக்கச் சொல்வது) வருவது. அதைச் சேர்த்துக் கட்டிய வீடியோ மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கும் ஜிபிஎல் ஆகிவிடும். நிறுவனத்தை யாராவது வாங்க வரும்போது வக்கீல்கள் முதலில் கேட்பவற்றில் இந்த நூலகப் பட்டியலும் ஒன்று. பில்ட் கட்டளையோடு சேர்த்து அதை முதல் நாளிலிருந்தே எழுதி வைத்தால் விற்பனை அதனால் தடைபடும் வாய்ப்பு குறையும்.

பணம் தீரும் அறிகுறிகள் பொறியாளர் கண்ணுக்கே முதலில் தெரியும். சோதனைச் சர்வர்களை அணைக்கச் சொல்வார்கள், லாக் சேமிப்பு நாட்களைக் குறைப்பார்கள், ஒரே வாடிக்கையாளரின் டெமோவுக்காக எல்லாரையும் இழுப்பார்கள். வங்கி இருப்பை மாதச் செலவால் வகுத்தால் எத்தனை மாதம் என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. சம்பளம் ஒருமுறை தள்ளிப்போனதும் சம்பளச் சீட்டு, அனுபவச் சான்று, பங்கு ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை வாங்கிவிடுங்கள். ஆப்ஷன்களை (நிறுவனப் பங்கைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையை) பயன்படுத்த, வேலையை விட்டபின் 90 நாள் கெடு வைப்பது வழக்கம். நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளருக்கு முதலில் போகும் பங்கு போக என்ன மிஞ்சும் என்று பார்க்காமல் அதற்குக் கைக்காசைப் போட வேண்டாம்.

கோட் நிறுவனத்துக்குச் சொந்தம், டெமோ சுட்டியும் சர்வரோடு செத்துவிடும். ஆகவே வேலையில் இருக்கும்போதே எழுத்தில் அனுமதி வாங்கி, நீங்கள் கண்டுபிடித்த பிழைகளுக்கான திருத்தங்களை எஃப்எஃப்எம்பெக், ஜிஸ்ட்ரீமர், எச்எல்எஸ்.ஜேஎஸ் போன்ற திறந்த மூலத் திட்டங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த நேர்காணலில் திறந்து காட்ட அவை அங்கேயே இருக்கும்.