ஆணி ஓர் அங்குலம் மேலே ஏறினால் போதும், ஷிங்கிள் நழுவிவிடும்

கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான வீடுகளின் கூரை தார் ஷிங்கிள்தான், அதாவது ஓடு போல வரிசை வரிசையாக ஆணி அடித்துப் பதிக்கும் தார்த் தாள். காற்றில் பிய்ந்து முற்றத்தில் விழுந்த ஷிங்கிள் ஒன்றைக் கையில் எடுத்து, ஆணி போன ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது உரிய இடத்துக்கு மேலே இருந்தால், தவறு காற்றுடையது அல்ல, ஆணி அடித்தவருடையது.

இரட்டை அடுக்கு ஷிங்கிளில் மேல் தாளும் அடித்தாளும் ஒட்டியிருக்கும் குறுகிய பட்டை ஒன்று உண்டு. அதன் மேல் கோடும் போட்டுத் தந்திருப்பார்கள். ஆணி அந்தக் கோட்டில் இறங்கினால் இரண்டு தாளையும் பிடிக்கும், கீழ் வரிசை ஷிங்கிளின் மேல் விளிம்பையும் சேர்த்துப் பிடிக்கும். மேலே ஏறிப்போனால் மேல் தாள் மட்டுமே மாட்டும். செங்குத்தான கூரையில் கோடை வெயில் பட்டதும் அடித்தாள் கழன்று சரியும். மேல் வரிசையை ஒட்டவைக்க ஷிங்கிளில் தடவி வரும் பசைக் கோட்டின் மீது ஆணி அடிக்காதீர்கள், அந்த இடம் ஒட்டாது.

ஒரு ஷிங்கிளுக்கு 4 ஆணி. புளோரிடா போன்ற புயல் கரையோரங்களில் 6. இரு ஓரங்களிலும் 1 அங்குலம் உள்ளே தள்ளி அடிக்க வேண்டும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு வரிசையாகப் போங்கள். இரு முனைகளையும் முதலில் அடித்துவிட்டு நடுவுக்கு வந்தால் ஷிங்கிள் உப்பிவிடும். கீழ் வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே ஆணி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நேரே ஆணி ஓட்டைக்குள் இறங்கும்.

ஆணி துத்தநாகம் பூசியதாக, தலை 3/8 அங்குல அகலமாக இருக்கட்டும். ஷிங்கிளுக்கு அடியிலுள்ள கூரைப் பலகைக்குள் 3/4 அங்குலம் இறங்க வேண்டும். மரச் சீவல்களைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் 7/16 அங்குல ஓ.எஸ்.பி. பலகைக்கு அவ்வளவு கனம் கிடையாது. அங்கே ஆணி முனை பலகையைத் துளைத்து 1/8 அங்குலமாவது வெளியே வர வேண்டும். பரணில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தால் முனைகள் வரிசையாகத் தெரியும். புதுக் கூரைக்கு 1¼ அங்குல ஆணி வழக்கம். முகட்டில் அடுக்குகள் கூடுவதால் அங்கே இன்னும் நீளமான ஆணி வேண்டும்.

அதிகம் கெட்டுப்போவது ஆழம்தான். தலை ஷிங்கிளின் மேற்பரப்போடு சமமாக உட்கார வேண்டும். கூடுதலாக இறங்கினால் தலை உள்ளிருக்கும் கண்ணாடி இழைத் தாளை அறுத்துவிடும். அதன் பிறகு அந்த ஆணி இருந்தும் இல்லாததுதான். சாய்ந்து போனாலும் தலையின் ஒரு விளிம்பு அறுக்கும். தூக்கி நின்றாலோ மேல் வரிசை ஷிங்கிள் படியாமல் நிற்கும், பசை ஒட்டாது, நாளடைவில் அதைக் குத்திக் கிழித்துக்கொண்டு தலை வெளியே வரும்.

காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் நெயில் கன் பயன்படுத்துகிறவர்கள் காலையில் கம்பிரஸர் அழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மதிய வெயிலில் ஷிங்கிள் இளகிவிடும். காலையில் சரியாக நின்ற அதே அழுத்தத்தில் ஆணி இப்போது அறுத்துக்கொண்டு உள்ளே போகும். மதியம் ஒரு முறை அழுத்தத்தைக் குறையுங்கள். ஆழமாகப் போன ஆணியின் மேல் கூரைத் தார் பசை தடவி மூடிவிட்டு, பக்கத்தில், அதே கோட்டில், புது ஆணி அடியுங்கள்.

பசை தானாக ஒட்டுவதற்கு வெயில் சூடு வேண்டும். கடுங்குளிரில் போட்ட கூரையில் ஷிங்கிளின் அடியில் கையாலேயே பசை வைக்க வேண்டும், இல்லையேல் வசந்தம் வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஆணி மட்டும்தான். கூலிக்கு ஆள் வைத்திருந்தால், மேல் வரிசை வந்து மூடும் முன் ஏதாவது ஒரு வரிசையின் படத்தை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூடிய பிறகு, ஒட்டிய ஷிங்கிளைப் பிரித்தால்தான் ஆணியைப் பார்க்க முடியும்.