சவுத்தாம்ப்டன் போர் நினைவுச்சின்னம், 1:50 மாடல்: சிப்பாயைப் படுக்கவைத்தாச்சு

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்துப் போர் நினைவுத்தூணை அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். அடுக்குகள் எல்லாம் ஒட்டி முடிந்தன. உச்சியில் சிப்பாயையும் படுக்கவைத்தாச்சு. சிங்கங்களும் பெயின்டும் பாக்கி.

லண்டனின் வைட்ஹால் தெருவில் இருக்கும் புகழ்பெற்ற போர் நினைவுத்தூணை விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டையும் வரைந்தது ஒருவர்தான், டெல்லி இந்தியா கேட்டை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ். வைட்ஹால் கல்தூண் 1920 நவம்பர் 11 அன்று திறக்கப்பட்டது. சவுத்தாம்ப்டன் அதற்கு ஐந்து நாள் மூத்தது. (1919இல் மரமும் பிளாஸ்டருமாக லண்டனில் தற்காலிகமாக நிறுத்தியதைச் சேர்க்கவில்லை.) வைட்ஹாலில் சிலையே கிடையாது. இங்கே படிப்படியாகக் குறுகிப்போகும் தூணின் உச்சியில், கல்பேழைமேல் ஒரு சிப்பாய் படுத்திருக்கிறான். எனக்கு ஆசை வந்ததே அவனால்தான்.

வரைபடம் எதுவும் கையில் இல்லை. ஆனால் தூணுக்கு முன்னால் ஒரு நினைவுக்கல் உண்டு. போர்க் கல்லறைகளுக்காக லட்யன்ஸ் வகுத்த அதே வடிவம். நீளம் 12 அடி. நேர் எதிரிலிருந்து எடுத்த படங்களில் அதையே ஸ்கேலாக வைத்துக்கொண்டேன். கல் முன்னால் இருப்பதால் படத்தில் கொஞ்சம் பெரிதாக விழும், அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ள வேண்டும். 1:50இல் கல் 7.3 செ.மீ.

இந்தக் கல்லில்தான் அதிக நேரம் போனது. லட்யன்ஸ் விதிப்படி அதில் நேர்கோடே கிடையாது. மேல்தளம், 1,801 அடி 8 அங்குலம் விட்டமுள்ள ஒரு கோளத்தின் துண்டு. கணக்குப் போட்டால் கல்லின் நடுப்பகுதி ஓரத்தைவிட 6 மி.மீ.தான் உயரம். என் மாடலில் அது 0.12 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் கனம்! விடுவேனா? மவுண்ட் போர்டின் நடுவில் ஒரு தாள் துண்டை ஒட்டி, இரு பக்கமும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்கினேன். சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்டீல் ஸ்கேலை மேலே வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இரண்டு முனையிலும் மயிரிழை வெளிச்சம் வருகிறது. போதும்.

சிப்பாயை எம்-சீலில் பிடித்தேன். இறுகுவதற்குள் ஊசியால் கோட்டு மடிப்பு, மூக்கு, கண் எல்லாம் கீறினேன். மேலே வைத்தபின் ஒரு சோதனை: போனைத் தலைகீழாகப் பிடித்து, மேஜையிலிருந்து 3.2 செ.மீ. உயரத்தில் கேமராவை நிறுத்தினேன். பூங்காவில் நிற்கும் ஆளின் கண்மட்டம் அதுதான். கிட்டத்தில் வைத்தால் விளிம்பு மறைக்கிறது. பின்னால் இழுத்தால் படுத்த உருவத்தின் கோட்டோவியம் மட்டும் வருகிறது. முகம் எங்கிருந்தும் வரவில்லை. முதல் உலகப் போரில் இறந்த வீரர்களின் உடல்களை பிரிட்டன் ஊருக்குக் கொண்டுவரவில்லை. எந்தத் தாய் வந்து நின்றாலும் அவன் தன் பிள்ளையாக இருக்கலாம் என்று நினைக்க இடம் விட்டிருக்கிறார் மனுஷர். இந்த ஒரு உயரக் கணக்குக்காகவே வைட்ஹாலைவிட இது எனக்கு ஒரு படி மேல்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. எல்லா மதத்தாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றுதான் நினைவுக்கல்லில் எந்த மதச் சின்னமும் வைக்காமல் விட்டார் லட்யன்ஸ். அதற்குப் பின்னாலேயே தூணில் பெரிய சிலுவை. வைட்ஹாலில் அது இல்லை. மாடலில் இரண்டும் அருகருகே வரும்போது முரண் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. இருப்பதை இருக்கிறபடியே செய்திருக்கிறேன்.

பெயர்கள் ஏறத்தாழ 2000. அசல் எழுத்து இரண்டரை செ.மீ. என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு அரை மில்லிமீட்டர்தான் கிடைக்கும். படிக்க முடியாது என்று தெரிந்தே ஊசிமுனையால் வரிவரியாகக் கீறியிருக்கிறேன். அசலிலும் போர்ட்லாந்து கல் வெயில் மழையில் தேய்ந்து பெயர்கள் மங்கிவிட, 2011இல் பக்கத்தில் கண்ணாடிச் சுவர்கள் எழுப்பி அத்தனை பெயரையும் திரும்பப் பொறித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர்களையும் சேர்த்து.

அந்தக் கண்ணாடியையும் வைப்பதா, 1920இல் இருந்த தோற்றத்தோடு நிறுத்துவதா என்று இன்னும் முடிவாகவில்லை. கண்ணாடிக்காக ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வாங்கி வைத்திருக்கிறேன். முதலில் சிங்கங்கள், பிறகு பெயின்ட். வெள்ளையில் துளி மஞ்சளும் அதைவிடக் குறைவாகக் கறுப்பும் கலந்து ஓர் அட்டைத் துண்டில் அடித்துப் பார்த்தேன், காய்ந்ததும் நிறம் கொஞ்சம் இருட்டாகிவிடுகிறது.