அமுச்சியின் பிறந்த வீடு

சொத்துகளின் மூலப்பத்திரங்களைப் படித்து உரிமை குறித்துக் கருத்துரை எழுதுவதே கோபிசெட்டிபாளையத்தில் வழக்கறிஞராக என் அன்றாட வேலை. ஆண்வழியிலேயே நகரும் அந்த வேலையில், வெள்ளையர் காலத்துப் பெண்ணொருவரின் குடும்பத்தைத் தேடும் கோரிக்கை அரிதாகத்தான் வரும். "எங்க அமுச்சி பொறந்த ஊரு எதுன்னே தெரியலீங்க, எங்கம்மாளும் சொல்லாமயே போயிட்டாங்க" என்று வந்தார் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர். அமுச்சி என்றால் எங்கள் பக்கத்தில் அம்மாவின் அம்மா. அவர் கையில் இருந்தது, அமுச்சி வாழ்ந்த ஊரில் உள்ள ஒரு காட்டின் (புஞ்சை நிலத்தின்) பட்டா நகல் மட்டுமே.

திருமணத்திலிருந்து தொடங்க வழியில்லை. கொங்குப் பகுதியில் கல்யாணச் சடங்குகளைச் செய்யும் அருமைக்காரர் நடத்திவைத்த அக்காலத் திருமணங்கள் அரசுப் பதிவேடு எதிலும் ஏறவில்லை. ஆகவே நிலத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்னும் நில ஆவணப் புதுப்பிப்புப் பணியில் மாறிய எண்ணைப் பழைய சர்வே எண்ணோடு ஒப்பிட்டு, பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக் கையெழுத்து இண்டெக்ஸ்களில் தேடியபோது, கணவர் இறந்தபின் அந்த அமுச்சி எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது.

இத்தனை ஆண்டுகளில் நான் கண்டவரை, குடும்ப வரலாற்றுக்கு விதவையின் கிரயப் பத்திரத்தைப்போல் உதவும் ஆவணம் வேறில்லை. ஆண் ஒருவர் தன் தனிச்சொத்தான நிலத்தை விற்றால் ஏன் விற்கிறார் என்று விளக்கக் கடமைப்பட்டவரல்லர். பாகம் பிரிந்த கணவரின் சொத்தை அடைந்த விதவைக்கோ அன்றைய இந்துச் சட்டம் வாழ்நாள் அளவிலான உரிமையையே கொடுத்தது. தக்க அவசியம் இல்லாமல் விற்றால், அவருக்குப் பின் வரும் வாரிசுகள் வழக்காடி நிலத்தை மீட்டுவிடலாம். அதற்கு அஞ்சிய வாங்குபவர்கள், கணவர் வைத்த கடன், ஈமச் செலவு, மகளின் கல்யாணம் என எல்லாவற்றையும் பத்திரத்தில் எழுதச் சொல்லி, பங்காளிகளையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தார்கள். 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம்தான் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. விதவையை நம்பாத அந்தப் பழைய சட்டமே அவர் மகள் பெயரையும், மருமகன் ஊரையும், கொழுந்தன்மார் பெயர்களையும் நமக்குப் பாதுகாத்துத் தந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமும் நன்றியும் ஒருசேர வருகின்றன.

ஆனால் அது புகுந்த வீட்டுக் கதை மட்டுமே. பிறந்த வீட்டுக்கு வழி காட்டியது உயில். உயிலை எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம், பதியாமலும் விடலாம் என்பதால் உயில்களைப் பதியும் மூன்றாம் புத்தகத்தில் தேடுவது பொறுமையைச் சோதிக்கும். காங்கயம் பக்கத்தில் அது கிடைத்தது. கணவர்வழி வந்த நிலத்தை உயில் எழுத அந்த விதவைக்கு அதிகாரம் இல்லாத காலம் அது. எனவே உயில் என்று ஒன்று இருந்தாலே, எழுதியவருக்கென்று தனிச்சொத்து இருந்ததாக முதலில் எதிர்பார்ப்பேன். இங்கும் அப்படித்தான்: கல்யாணத்தில் தகப்பனார் மஞ்சள்காணியாக (மகளுக்குச் சீராக) விட்ட புஞ்சையும், கிணற்றில் ஆறில் ஒரு பாகமும், கவலை ஏற்றி (மாடு கட்டி) நீர் இறைக்கும் பாத்தியமும் மகளுக்குச் சேர வேண்டும் என்று எழுதியிருந்தார். தகப்பனார் பெயரும் ஊரும் அதிலேயே இருந்தன.

அந்த ஆறில் ஒரு பாகம் பெரிய துணையாக அமைந்தது. அதே கிணற்றின் மீதிப் பாகங்களைச் சொல்லும் பத்திரங்களைத் தேடத் தேட அவருடைய உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள்; அண்ணன் ஒருவரின் அடமானப் பத்திரத்துச் செக்குபந்தியில் (நான்கெல்லை விவரத்தில்) 'என் தங்கை பாகத்துக்குக் கிழக்கு' என்று அவர் பெயரோடு எழுதியிருந்தது.

தாத்தா, பாட்டி பெயர்களையே பேரப்பிள்ளைகளுக்கு வைக்கும் நம் பக்கத்தில், பெயர் ஒத்துப்போனதால் மட்டும் ஆளும் ஒருவரே என்று கொள்வது எனக்கு உடன்பாடில்லை. அண்ணன் வழிப் பேரர்கள் வீட்டில் இருந்த பழைய மொய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். மருமகன் வரிசையில் கோபிப் பக்கத்து ஊரும், கிரயப் பத்திரத்தில் கண்ட கணவர் பெயரும், அவருடைய தகப்பனார் பெயரும் பதிவாகியிருந்தன. அதன்பிறகே, உயில் எழுதியவரும் நிலத்தை விற்றவரும் ஒருவரே என்று கருத்துரையில் எழுதிக் கையெழுத்திட்டேன்.