சேலைக் கடையும் 1.80-உம்

2025 தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னால் மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தது. பினாங்குத் தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் ஃபெரியில் நின்றபடி கைப்பேசியில் திறந்தேன். நாலு புள்ளிக்கு 1.80. முதல் இரண்டு செமஸ்டரில் 3.47, 3.40 எடுத்தவள் நான். பெயரையும் மாணவர் எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். என்னுடையதுதான். காஸ்ட் அக்கவுண்டிங் (செலவுக் கணக்கியல்) எஃப், இன்னொன்று டி, மற்றவை சி, பி மைனஸ், பி பிளஸ்.

வீட்டில் சொல்லவில்லை. பிடிபிடிஎன் என்கிற அரசாங்க உயர்கல்விக் கடன் நின்றுவிடும், படிப்பு அதோடு சரி என்று நானே முடிவு கட்டிக்கொண்டு நாலு நாள் ஒழுங்காகச் சாப்பிடாமல் திரிந்தேன். அந்த நாலு நாளில் கல்லூரி ஆபிசில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அம்மாவுக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் நேர்த்திக்கடன். 513 படியும் ஏறும்வரை வாய் திறக்கவில்லை. காலிக் குடத்தோடு இறங்கும்போது அம்மாதான் கேட்டார், “மூஞ்சி ஏன்டி இப்படிக் கிடக்கு?” சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். “அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ நாளைக்கே போய் மேடத்தைப் பாரு” என்றார். அடுத்த பத்துப் படிக்கு ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கடைக்குப் போக விட்டது என் தப்பு” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கடை என்றால் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடை. அப்பாவுக்குப் பட்டர்வொர்த் பக்கத்தில் பிறை என்ற ஊரில் ஃபேக்டரி வேலை. 2024-இல் ஓவர்டைம் நின்றதும் வீட்டில் கை கடித்தது. 2024 தீபாவளி அக்டோபர் 31. அதுவரை மட்டும் என்றுதான் செப்டம்பரில் சேர்ந்தேன். தீபாவளி போய்ப் பொங்கலும் போனது, நான் கடையிலேயே இருந்தேன். முதலாளி நல்லவர், கட்டாயப்படுத்தவில்லை. சம்பளக் கவர் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் ஆலோசகர் மேடம் மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார். முதலில் கடன் விஷயத்தைத் தெளிவுபடுத்தினார். பிடிபிடிஎன் பார்ப்பது ஒரு செமஸ்டர் புள்ளியை இல்லை, மொத்தச் சராசரியை. அது 2.00-க்குக் குறையக்கூடாது. எனக்கு மூன்று செமஸ்டரும் தலா 15 கிரெடிட், கூட்டிப் பார்த்தால் 2.89. கடனுக்கு ஆபத்தில்லை. ஆனால் செமஸ்டர் புள்ளி 2.00-க்குக் கீழே போனதால் கல்லூரி விதிப்படி என் பெயர் கண்காணிப்புப் பட்டியலில். அடுத்த செமஸ்டரும் அப்படியே என்றால் பேச்சு வேறு.

பிறகு ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளி, வாரத்தில் எந்த நேரம் எங்கே இருந்தாய் என்று எழுதச் சொன்னார். மலேசியப் பாடத்திட்டத்தில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, அசைன்மெண்ட், வீட்டுப் படிப்பு, பரீட்சை எல்லாம் அதில் அடக்கம். 15 கிரெடிட்டுக்கு 600 மணி. 17 வாரத்தில் பிரித்தால் வாரத்துக்கு 35. என் தாளில் கடைக்கு 38 மணி இருந்தது. ஃபெரிக்கும் பஸ்ஸுக்கும் இன்னொரு பத்து. வகுப்பில் உட்கார்ந்த நேரம் போகப் படிப்புக்கென்று நான் எழுத முடிந்தது நாலு மணி. அதையும் ஃபெரியில் படித்ததைச் சேர்த்துத்தான் எழுதினேன். நான் மக்கு என்று நாலு நாள் அழுதது வீண்.

ஒரு தப்பும் செய்தேன். டி வாங்கிய பாடத்துக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) கட்டி மறுமதிப்பீடு கேட்டேன். டி, டி-யாகவே திரும்பி வந்தது. அதைவிட, எஃப் போட்ட லெக்சரரிடம் போய் விடைத்தாளைக் காட்டச் சொன்னது எவ்வளவோ மேல். மூன்றாம் கேள்வி, 20 மார்க், எனக்கு 3. மேல்செலவு, அதாவது வாடகை, கரண்ட் மாதிரிச் செலவு. அதன் விகிதம் கண்டுபிடிக்க பட்ஜெட்டில் போட்ட செலவை பட்ஜெட்டில் எதிர்பார்த்த அளவால் வகுக்க வேண்டும். நான் உண்மையில் ஆன செலவைப் போட்டு வகுத்திருந்தேன். முதல் வரியே தப்பு, கீழே இரண்டு பக்கம் அழகான கையெழுத்தில் தப்புக் கணக்கு.

அந்தப் பாடத்தையே மறுபடி எடுத்தேன், கூடப் புதிதாக நாலு. செவ்வாய், வியாழன் ஐந்து மணிக்கு நூலகத்தில் சீனத் தோழி ஒருத்தியும் நானும் பழைய கேள்வித்தாள் போடுவோம். காஸ்டிங் எனக்குப் பிடிபட்டது கடையை வைத்துத்தான். மாத வாடகை 6,000, கரண்ட் 1,000, ஆள் சம்பளம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். 800 சேலை விற்கும் என்று முதலாளி நினைத்தால் ஒரு சேலை தலையில் 15 வெள்ளி ஏறும். 600-தான் விற்றால் 9,000 திரும்பும், 3,000 நடுத்தெருவில் நிற்கும். பாடப்புத்தகம் அதை ஏதோ பெரிய பெயரில் சொல்கிறது. அந்த மார்ச்சில் முதலாளி கல்லாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதும் அதுதான்.

கடையை ஒரேயடியாக விட முடியவில்லை. சனிக்கிழமை மட்டும் போனேன். வருமானம் குறைந்ததில் அம்மா சீட்டுப் பணம் கட்ட இரண்டு மாதம் தடுமாறினார். அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஜூலையில் ரிசல்ட். காஸ்ட் அக்கவுண்டிங் பி மைனஸ். எங்கள் கல்லூரியில் மறுபடி எடுத்த புள்ளி பழைய எஃப்-ஐ மாற்றிவிடும். மொத்தச் சராசரி 3.05. முன்பிருந்த 3.43 இல்லை, இனி அதை எட்டிப் பிடிப்பதும் சிரமம். டி இன்னும் அப்படியே இருக்கிறது, அடுத்த செமஸ்டரில் பார்க்க வேண்டும்.

செப்டம்பரில் முதலாளி கூப்பிட்டார். “அக்டோபர் 20 தீபாவளிமா, நாலு மணிக்கெல்லாம் வந்துடுறியா?”

“சனிக்கிழமை மட்டும்தான் முதலாளி. எட்டு மணிக்கு ஃபெரிக்குக் கிளம்பிடுவேன்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சரி, உன் தங்கச்சி ஃப்ரீயா இருக்காளா?”

தங்கைக்கு அந்த வருஷம் எஸ்பிஎம், ஐந்தாம் படிவ அரசாங்கப் பரீட்சை. இல்லை என்றேன்.