நீலப் பலகைக் கேள்வியை எழுதும் விதம்

கலை வரலாறு முதுகலையில் அலங்காரக் கலைகள் தாளுக்குப் படிப்பவர்கள் பலர் பீங்கானைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். எங்கள் தாளில் பெயரே சொல்லாமல் படத்தை மட்டும் கொடுத்து எழுதச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. நீலப் பின்னணியில் வெள்ளை உருவங்கள் கொண்ட புடைப்புப் பலகை அங்கே வரக்கூடிய படம். ‘வெட்ஜ்வுட் (18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பீங்கான் உற்பத்தியாளர்), பழைய கிரேக்க, ரோமானியக் கலையைப் பின்பற்றும் நவசெவ்வியல் பாணி’ என்று எழுதி நிறுத்தினால் மதிப்பெண் தேறாது. அந்த உருவம் எங்கே பிறந்தது, யார் கை வழியாக இந்தப் பலகைக்கு வந்தது என்று எழுத வேண்டும்.

நான் முதலில் பிடித்துக்கொண்டது ‘நடனமாடும் ஹோராக்கள்’ என்ற வெட்ஜ்வுட் பலகை. ஹோராக்கள் என்றால் கிரேக்கப் புராணத்தின் பருவகாலத் தேவியர். இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் போர்கீஸ் நடன மங்கையர் என்ற ரோமானியப் பளிங்குப் புடைப்புதான் இதன் மூலம். 1770களின் பிற்பகுதியில் ஜோசையா வெட்ஜ்வுட்டுக்காக இந்தப் பலகையை வடித்த சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன் ரோமுக்குப் போனதே 1787இல்தான். அப்படியானால் பளிங்கைப் பார்க்காமல் எப்படிச் செய்தார்? அவருடைய அப்பா லண்டனில் பிளாஸ்டர் வார்ப்புகள் செய்து விற்றவர், வெட்ஜ்வுட்டுக்கும் கொடுத்தவர். அச்சுப் படங்களும் வார்ப்புகளும்தான் ரோமை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தன. என்னைக் கேட்டால், விடையின் முதுகெலும்பே இந்த வரிதான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ரோமைக் கைகாட்டிவிடாதீர்கள். ஃப்ளாக்ஸ்மனின் 1778ஆம் ஆண்டு ஹோமர் பலகைக்கு மூலம் நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் சேகரித்த ஒரு கிரேக்கக் குடுவை. அன்று அப்படிப்பட்ட குடுவைகளை எட்ருஸ்கர்களுடையவை (ரோமானியருக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த மக்கள்) என்றே பலரும் நம்பினார்கள். 1769இல் திறந்த ஆலைக்கு வெட்ஜ்வுட் எட்ரூரியா என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

அப்புறம் மண். வெட்ஜ்வுட் பலகைகளின் மண்ணுக்கு ஜாஸ்பர் என்று பெயர். அது மெருகு பூசாத கல்மண், அதாவது கல்போல இறுகச் சுட்ட மண். பேரியம் சல்பேட் கலந்தது. நீலம் கோபால்ட்டால் வருவது. கொழுக்கட்டை அச்சில் மாவை அழுத்துவதுபோல உருவத்தைத் தனியாக அச்சில் அழுத்தி எடுத்து, ஈரம் தொட்டுப் பலகையில் ஒட்டிச் சுடுவார்கள். உருவமும் பலகையும் ஒரே வகை மண் என்பதால் சூளையில் ஒரே அளவு சுருங்கும், உருவம் பெயர்ந்து வராது. பெரிய பலகைகள் வளைவதும் வெடிப்பதும் மட்டும் தீராத தலைவலி. ஆடையின் மெல்லிய ஓரங்களில் அடியிலுள்ள நீலம் லேசாகத் தெரியும். படத்தில் அதைத் தேடுங்கள்.

குழப்புவதற்கென்றே வரும் இன்னொரு படம், 15ஆம் நூற்றாண்டு ஃப்ளாரன்ஸின் டெல்லா ரோபியா குடும்பப் பட்டறைப் புடைப்பு. அதுவும் நீலத்தின் மேல் வெள்ளைதான். ஆனால் மெருகு பூசிய சுடுமண், பளபளக்கும். பெரும்பாலும் மரியாளும் குழந்தையும் இருப்பார்கள்.

போர்ட்லாண்ட் குடுவையையும் ஒரு பத்தி அளவுக்குப் படித்துவையுங்கள். ரோமானியக் கண்ணாடிக் குடுவையான அதை வெட்ஜ்வுட் 1786இல் கடன் வாங்கி, 1790 வாக்கில் ஜாஸ்பரில் பிரதி எடுத்தார். 1845இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒருவன் அதை உடைத்தபோது, துண்டுகளை ஒட்ட அந்தப் பிரதியே உதவியது. கதை சுவாரசியம் என்று பக்கம் பக்கமாக எழுதிவிடாதீர்கள். பலகை பற்றிய கேள்வியில் இதற்கு இரண்டு வரி போதும்.