வரப்பைச் சுற்றிய பிறகுதான் ட்ரோன்

பாஸ்போர்ட் இல்லை என்ற ஒரே காரணத்தால் எட்டு மாதம் காத்திருந்தேன். 2023 தொடக்கத்தில் ட்ரோன் பயிற்சிக்கு விசாரித்தபோது எல்லா இடத்திலும் முதல் கேள்வி அதுதான். நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவளுக்குப் பாஸ்போர்ட் எதற்கு? என் குடும்பத்தில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயில் இருக்கும் கொழுந்தன் ஒருவர்தான்.

அந்த வருடம் செப்டம்பர் 27-ஆம் தேதி விதி மாறியது. வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் போன்ற அரசு ஆவணம் ஏதாவது இருந்தால் போதும் என்று ட்ரோன் விதிகளில் திருத்தம் வந்தது. கடைக்கு வந்த வேளாண் அலுவலர்தான் போகிற போக்கில் சொன்னார். அன்று ராத்திரியே என் வாக்காளர் அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன்.

ட்ரோன் மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் பெரியப்பா. நான் பத்தாவது படிக்கும்போது சம்பாப் பயிருக்கு மருந்து அடித்துவிட்டு வந்தவர் வரப்பிலேயே சரிந்து விழுந்தார். முதுகில் ஸ்பிரேயர், சட்டை முழுக்க மருந்து. மன்னார்குடி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் கலக்க வேண்டும். 16 லிட்டர் டேங்க்கை முதுகில் ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு தடவைக்கு மேல் சேற்றில் நடக்க வேண்டும். அதே ஏக்கருக்கு ட்ரோனில் 10 லிட்டர் போதும், எட்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், மனிதர் மேல் ஒரு சொட்டு விழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

இப்போது நிறையப் பெண்கள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை. 'மூன்று நாளில் லைசென்ஸ், நேரில் வரவே வேண்டாம்' என்று போனில் பேசிய ஒருவரிடம் 5,000 ரூபாய் முன்பணம் கட்டி ஏமாந்தேன். பயிற்சி கொடுக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, அங்கீகரித்த மையங்கள் மட்டும்தான் சான்றிதழ் கொடுக்க முடியும். அந்தப் பட்டியல் பொதுவிலேயே இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பணம் கட்டிய பிறகு பார்த்தேன்.

இன்னொன்று, எல்லோரும் லைசென்ஸ் என்கிறோம், ஆனால் 2022 பிப்ரவரியிலேயே அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். இப்போது அதன் பெயர் ரிமோட் பைலட் சான்றிதழ். வயது 18-க்கு மேல் 65-க்குள், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி. இவ்வளவுதான் தகுதி. சான்றிதழுக்கான அரசுக் கட்டணம் 100 ரூபாய், பத்து வருடம் செல்லும். செலவெல்லாம் பயிற்சிக்குத்தான். எனக்கு 38,000 ஆனது. இரண்டு வளையலை அடகு வைத்தேன், இந்த ஆவணியில் மீட்டுவிட்டேன்.

யாருக்குச் சான்றிதழ் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 250 கிராமுக்குள் இருக்கும் நானோ ட்ரோனுக்குத் தேவையில்லை. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை இருப்பது மைக்ரோ. அதைச் சொந்த ஆசைக்குப் பறக்கவிட்டால் தேவையில்லை, கல்யாண வீட்டில் படம் எடுத்துக் காசு வாங்கினால் தேவை. 2 கிலோவிலிருந்து 25 கிலோ வரை ஸ்மால். எங்கள் மருந்து ட்ரோன், 10 லிட்டர் டேங்க் நிறைந்திருக்கும்போதும் 25 கிலோவுக்குள் நிற்கும்படி செய்யப்பட்டது, அதனால் இந்த வகை. வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி ட்ரோனுக்கும் தனி அடையாள எண் வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். நான் ஓட்டுவது எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் ட்ரோன். இரண்டும் அதற்கு இருக்கிறது. ஏக்கர் கணக்கில் எனக்குக் கூலி.

2024 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம் சென்னைக்கு வெளியே ஒரு மையத்தில் சேர்ந்தேன். ஐந்து நாள் ட்ரோன் பயிற்சி, அப்புறம் இரண்டு நாள் மருந்து தெளிப்பு. பதினான்கு பேரில் பெண்கள் மூன்று பேர். வகுப்பில் விதிகள், காற்று, வானிலை, பேட்டரி எல்லாம் நடத்தினார்கள். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததால் நோட்டில் பாதிப் பக்கத்தைத் தமிழுக்கு ஒதுக்கினேன். பிட்ச் என்றால் முன்னும் பின்னும் சாய்வது, ரோல் என்றால் பக்கவாட்டில் சாய்வது, யா என்றால் நின்ற இடத்தில் திரும்புவது. இரண்டாம் நாள் என் நோட்டு மூன்று பேரிடம் சுற்றியது.

கம்ப்யூட்டரில் பழகும்போது எத்தனை தடவை கீழே போட்டேன் என்று எண்ணவில்லை. ட்ரோனின் மூக்கு நமக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்வரை சிக்கலில்லை. அது நம்மைப் பார்த்துத் திரும்பியவுடன் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். கண்ணாடியைப் பார்த்துக் கோணல் வகிட்டைச் சரிசெய்யப் போனால் கை எதிர்ப்பக்கம் போகுமே, அதே தடுமாற்றம். எட்டு போடச் சொன்னால் பாதி எட்டில் தடம் மாறிவிடும். மையத்துச் சார் அதட்டவே மாட்டார். "ரிமோட்டுக் குச்சிய இறுக்கிப் பிடிக்காதீங்கம்மா, விட்டாத்தான் அது நிக்கும்" என்பார். உண்மைதான். ஜிபிஎஸ் இருக்கும்போது குச்சியை விட்டால் ட்ரோன் அப்படியே அந்தரத்தில் நிற்கும். நான்காம் நாள் அவர் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டார். வாய்க்காலில் விட்ட வாழை மட்டை மாதிரி காற்றோடு போக ஆரம்பித்தது. அதை இழுத்துப் பிடித்து, வட்டத்துக்குள் இறக்கி, விசிறி நிற்கும்வரை நான் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு ஓட்டத் தெரியும் என்ற நம்பிக்கை வந்தது.

பேட்டரி வகுப்பை யாரும் தூங்கிக் கழிக்காதீர்கள். லித்தியம் பாலிமர் பேட்டரி ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் வரைதான் ஏறலாம். வேலை இல்லாத நாளில் முழுதாக ஏற்றியும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது, 3.8 வாக்கில் விட வேண்டும். லேசாக உப்பினாலும் ஒதுக்கிவிட வேண்டும். தீப்பிடித்தால் போட எங்கள் வண்டியில் எப்போதும் ஒரு வாளி மணல் இருக்கும்.

சான்றிதழ் வந்தது. நான் படித்தது போதாது என்று ஆடி மாதம்தான் தெரிந்தது.

குறுவைக்கு இலைச்சுருட்டுப் புழு மருந்து, இரண்டரை ஏக்கர். வரைபடத்தில் வயலின் நான்கு மூலையையும் போனிலேயே குறித்துக்கொண்டு, மேற்கு வரப்பில் நின்றபடி ஏற்றிவிட்டேன். பயிருக்கு மேல் மூன்று மீட்டர், சீராகத்தான் போனது. கிழக்கே கிளுவை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா ஐந்து சென்ட்டில் அரைக்கீரை போட்டிருந்தது எனக்குத் தெரியாது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் என்று டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேலை முடிந்து வேலி ஓரம் போனபோது கீரை இலையில் பொடிப்பொடியாய் ஈரம். மறுநாள் காலை அறுத்துச் சந்தைக்குப் போக வேண்டிய கீரை.

இங்கே ஒரு கணக்குப் புரிய வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டரில் கலக்கும் மருந்தை நாங்கள் 10 லிட்டரில் கலக்கிறோம். தண்ணீர்தான் குறைகிறது, மருந்து குறையவில்லை. அதனால் ட்ரோனிலிருந்து விலகிப் போகும் ஒவ்வொரு துளியும் கைத்தெளிப்பானின் துளியைவிடப் பல மடங்கு காரம். துளி நுண்மையாக இருப்பதால் காற்று அதைத் தூக்கிக்கொண்டும் போகும்.

அந்த அம்மா வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். "யாருக்கும் தெரியாமப் போயிருந்தா நாளைக்கு நாலு வீட்டுல கொழம்பு வச்சிருப்பாங்களே தங்கச்சி" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கீரை முழுவதையும் பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்தோம், விலையைக் கொடுத்தேன். அன்று ராத்திரி தூக்கமில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம். வயல் எவ்வளவு பெரியதானாலும் முதலில் நான்கு வரப்பையும் காலால் சுற்றிவிடுவேன். பக்கத்து வயலில் என்ன பயிர், மீன் குட்டை உண்டா, மாடு கட்டியிருக்கிறார்களா, மின்கம்பி எங்கே தாழ்ந்து தொங்குகிறது, மோட்டார் கொட்டகைக்குப் போகும் ஒயர் எந்தத் தென்னையில் கட்டியிருக்கிறது. போன் வரைபடத்தில் ஒயர் தெரியாது. குட்டை இருந்தால் அந்த ஓரத்தைக் கணிசமாக விட்டுவிடுகிறேன். ஒரு குச்சியில் பழைய புடவைக் கிழிசலைக் கட்டி நட்டுவைக்கிறேன். அது படபடவென்று அடித்தால் அன்று வேலை இல்லை. எதிர் வரப்பில் ஒரு ஆள் நிற்க வேண்டும். ட்ரோன் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. நான்கு ஏக்கர் தள்ளி அது கம்பிக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

இந்தச் சுற்றலுக்கு முன்பே, வேலை ஒத்துக்கொள்ளும்போதே, வான்வெளி வரைபடத்தைப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இருக்கிறது. பச்சை என்றால் 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். நடுவில் மஞ்சள், அங்கே விமானக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றி 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்குள் இருந்தால் பச்சைதான். 5 முதல் 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள், அதைவிட நெருங்கினால் சிவப்பு.

இது எங்களுக்கு வெறும் பாடம் இல்லை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020-லிருந்து சுகோய் விமானப் படைப்பிரிவே அங்கே நிற்கிறது. என் மாமா ஒருவருக்குத் தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலைப் பக்கம் ஆறு ஏக்கர். வந்து அடித்துக்கொடு என்றார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்றேன்.

"பத்தடி ஒசரத்துலதானே பறக்குது? பத்தடிக்கா பிளேன் வரும்?"

"நான் பத்தடியிலதான் ஓட்டுவேன் மாமா. கோளாறாகி அது மேல போயிட்டா? அங்க இருக்கிறவங்களுக்குச் சொல்லாம ஏத்த முடியாது."

மாமா இரண்டு மாதம் பேசவில்லை. அபராதம் ஒரு லட்சம் வரை போகலாம் என்பதும் உண்மைதான், ஆனால் அதற்காக மறுக்கவில்லை. அவ்வளவு வேகத்தில் வருகிற விமானத்தில் இருக்கிறவருக்கு என்னைத் தெரியாது. கீரைக்கார அம்மாவையும் எனக்குத் தெரியாமல்தான் இருந்தது.

பச்சையாக இருந்த இடமும் ஒருநாள் சிவப்பாகலாம். முக்கியமானவர்கள் வரும்போது காவல்துறை 96 மணி நேரம் வரை தற்காலிகத் தடை போட முடியும். புரட்டாசியில் அப்படி ஒரு தடை வந்தது. மருந்து வாங்கி, தண்ணீர் பிடித்து, பேட்டரி ஏற்றி எல்லாம் தயார். விவசாயிக்கு அவசரம். ஆனாலும் இரண்டு நாள் தள்ளித்தான் போனேன். அதற்குள் ஒரு மூலையில் புழு கொஞ்சம் ஏறிவிட்டது. அந்த மூலைக்குக் கூலி வாங்கவில்லை.

ட்ரோன் வாங்க நினைக்கும் பெண்களுக்கு ஒரு தகவல். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண் விவசாயிகளுக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கும் பாதி விலை, அதிகபட்சம் 5 லட்சம் மானியம் உண்டு. மற்ற விவசாயிகளுக்கு 40 சதவீதம், 4 லட்சம் வரை. ஆனால் வாங்கும் முன் யாரிடமாவது ஒரு பருவம் கூலிக்கு ஓட்டிப் பாருங்கள். மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டு அதைப் பல்குத்தும் குச்சியால் குத்திக் கழுவிய பிறகும் ஆசை மிச்சம் இருந்தால் வாங்கலாம்.

இந்தச் சம்பாவில் இதுவரை 61 ஏக்கர் ஆகியிருக்கிறது. ஒவ்வொன்றையும் தேதி, காற்று, மருந்து, பேட்டரி என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். எதிர் வரப்பில் நிற்கும் ஆள் இப்போது பெரியப்பாதான். அவராகவே கேட்டு வந்தார். காற்று வரும் பக்கமாகத்தான் நிற்க வேண்டும் என்று நான் சொன்னதை அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

நாளைக் காலை மூன்றரை ஏக்கர். மழை விட்டிருக்கிறது, காற்றும் இல்லை. சாயங்காலமே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம். வடக்கு மூலையில் ஒரு கம்பி ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே தொங்குகிறது, மின்வாரியத்துக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த மூலையை விட்டுவிட்டு அடிப்பதாக முடிவு. கம்பியிலிருந்து தள்ளி, வாய்க்கால் மதகுப் பக்கம் சிவப்புத் துண்டோடு நிற்பதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார்.